புயல் கடந்த டெல்டாவுக்குள் வேன் கொண்டுபோக

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அதன்பின் டெல்டாவின் உள்ளடங்கிய ஊர்கள் பல, நாள் கணக்கில் கரண்ட்டும் டவரும் இல்லாமல் கிடந்தன. அப்படிப்பட்ட ஊருக்குள் நிவாரணச் சாமானோடு போகிறவர்களுக்கு இது உதவும்.

காற்று நின்றதுமே கிளம்பாதீர்கள். புயலின் கண் கடக்கும்போதும் காற்று நிற்கும். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடிக்கும். புயல் முழுதும் கடந்துவிட்டது என்று வானிலை மையம் சொன்ன பிறகு, நன்றாக விடிந்ததும் புறப்படுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-இல் எந்தப் பாலம் திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

டேங்கைத் தஞ்சாவூரிலேயே நிரப்பிவிடுங்கள். கரண்ட் இல்லாத ஊரில் பங்க், ஏடிஎம், ஜிபே எதையும் நம்ப முடியாது. 50, 100 ரூபாய் நோட்டாகக் கையில் இருக்கட்டும். 20 மீட்டர் நைலான் கயிறு, மண்வெட்டி, கடப்பாரை, கோடாரி, நான்கு சாக்கு, ஆளுயர மூங்கில் கழி, ஒரு அடிச் சதுரப் பலகை, இவையும் வண்டியில் இருக்கட்டும். பலகை ஜாக்கிக்கு. அது இல்லாவிட்டால் நம்மூர்க் களிமண்ணில் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும்.

வெள்ளத்துக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆனால் இங்கே வண்டியைக் கவிழ்ப்பது பெரும்பாலும் சாலை ஓரம்தான். ஊறிப்போன களிமண் ஓரம் பார்வைக்குக் கெட்டியாக இருக்கும். சக்கரம் ஏறியதும் சரியும், பக்கத்திலேயே வாய்க்கால். சாய்ந்த புளியமரம் வேரோடு தார் ஓரத்தையும் பெயர்த்திருக்கும். ஆகவே நடுச்சாலையிலேயே ஓட்டுங்கள். எதிரே வண்டி வந்தால் ஓரம் கட்டாமல், அகலமான இடம்வரை பின்னால் வாருங்கள். சாலைக்கடியில் தண்ணீர் போகும் சிறு பாலமான கல்வெர்ட்டில் இன்னும் கவனம் வேண்டும். சாலையைத் தாண்டித் தண்ணீர் வழிந்திருந்தால், அது விழுந்த பக்கம் அடிமண் அரித்துப்போய் மேலே தார் மட்டும் அப்பளம்போல நிற்கும். இறங்கி அந்தப் பக்கம் கடப்பாரையால் தட்டிப் பாருங்கள். கூடாகச் சத்தம் வந்தால் திரும்பிவிடுங்கள்.

நிற்கிற தண்ணீரில் சக்கரத்தின் நடுமட்டம்வரை போகலாம். ஒருவர் கழியால் ஆழம் பார்த்துக்கொண்டே முன்னால் நடக்க, முதல் கியரில் ஒரே சீராக ஓட்டுங்கள். நடுவில் கியர் மாற்றாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் வண்டியை இறக்க வேண்டாம். 2 அடி ஓட்டம் பெரிய வண்டியையும் இழுத்துக்கொண்டு போகும். தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது, பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கயிறு கட்டி வெளியே இழுங்கள். கரையேறியதும் பிரேக்கை நாலைந்து முறை மெல்ல மிதித்துக் காயவிடுங்கள்.

அறுந்து கிடக்கும் மின்கம்பி மேல் வண்டியை ஏற்றாதீர்கள். ஊரில் கரண்ட் இல்லை என்றாலும், யாராவது ஜெனரேட்டரை வீட்டு லைனில் மாட்டியிருந்தால் அந்தக் கம்பிக்கும் கரண்ட் வரும். கம்பி வண்டி மேலேயே விழுந்தால் உள்ளேயே இருங்கள். தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒருசேரத் தொடாமல், இரு காலையும் சேர்த்துக் குதியுங்கள்.

ஊர் ஆள் ஒருவரை முன்சீட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். தண்ணீருக்கடியில் எது ரோடு, எது வாய்க்கால் என்பது அவருக்குத்தான் தெரியும். கஜாவுக்குப் பிறகு பல இடங்களில் மறியல் நடந்தது. பெரிய ரோட்டோடு உதவி நின்றுபோகிறது என்ற அந்தக் கோபம் நியாயமானது. மறித்தால் ஹாரன் அடிக்காதீர்கள். இன்ஜினை நிறுத்தி, இறங்கிப் பேசுங்கள். பின்கதவைத் திறந்து ரோட்டில் வைத்துக் கொடுப்பது பெரிய தப்பு. தள்ளுமுள்ளில் வயசானவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் வெறுங்கையோடு நிற்பார்கள். பள்ளிக்கூடத் திண்ணையில் இறக்கி, ரேஷன் கார்டு வரிசைப்படி கொடுங்கள்.

திரும்பியதும் இன்ஜின் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள், சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் ஆயிலையும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.