ஒருமை வாசகத்திலும் எண்ணுக்கு இடம் விடுங்கள்

இணையதள நிரலில் ஒருமை, பன்மை வாசகங்களைத் தனித்தனியே எழுதும்போது, ஒருமைக்கு ‘ஒரு கருத்து’ என்று எழுதிவிடாமல் அங்கேயும் எண் வந்து அமரும் இடக்குறியையே வையுங்கள். எண் 1 தானா என்று நீங்களே நிபந்தனை போட்டுப் பார்க்க வேண்டாம்; அந்த வேலையை, மென்பொருள் வாசகங்களை மொழிபெயர்க்க உதவும் கெட்டெக்ஸ்ட் (gettext) கருவியின் பன்மைச் செயற்கூறான என்கெட்டெக்ஸ்டிடம் (ngettext) விட்டுவிடுங்கள்.

ஒருமை வடிவம் 1க்கு மட்டுமே உரியது என்பது எல்லா மொழிக்கும் பொருந்தாது. ரஷ்ய மொழியில் 21, 31, 101 ஆகியவையும் 1க்குரிய வடிவத்தையே ஏற்கும், 11 ஏற்காது. இடக்குறி இல்லாவிட்டால், 21 கருத்துகள் உள்ள பக்கத்தில் ரஷ்ய வாசகர் ‘ஒரு கருத்து’ என்றே படிப்பார். பிரெஞ்சில் 0 கூட ஒருமைதான். அரபு மொழிக்கு ஆறு வடிவங்கள் வேண்டும், ஜப்பானிய மொழிக்கு ஒன்றே போதும். இந்த விதிகள் மொழிபெயர்ப்புக் கோப்பின் தலைப்பகுதியிலேயே இருப்பதால் நிரலாளர் தலையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

‘தேர்ந்தெடுத்தவற்றை நீக்கு’ போல எண்ணே தோன்றாத வாசகத்துக்கு இது பொருந்தாது. சரியாக ஒன்று இருக்கும்போது மட்டும் வேறு வாசகம் காட்ட விரும்பினால், அதற்கு மட்டும் தனி நிபந்தனை எழுதுங்கள்.