இத்தாகாவுக்குப் படிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்னெல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த வீட்டில், அட்மிஷன் கடிதம் வந்த அன்றே முதல் தவறு நடந்துவிடுகிறது. முகவரியில் 'நியூயார்க்' என்று இருக்கும். உடனே நியூயார்க்கில் நமக்கு யார் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாமா என்று பேச்சு போகும். அந்த முகவரியில் இருப்பது நியூயார்க் மாநிலம். கார்னெலின் முக்கிய வளாகம் இருக்கும் இத்தாகா அந்த மாநிலத்தின் உள்பகுதியில், நியூயார்க் நகரத்திலிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தள்ளி, கயூகா ஏரியின் தென்முனையில் இருக்கிறது. காரிலோ பஸ்ஸிலோ நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். பயணிகள் ரயில் கிடையாது. அப்புறம், கார்னெலின் மருத்துவக் கல்லூரியும் கார்னெல் டெக் வளாகமும் நியூயார்க் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. உங்கள் படிப்பு எந்த வளாகத்தில் என்று கடிதத்தில் உறுதிசெய்துகொண்டு டிக்கெட் போடுங்கள். இத்தாகாதான் என்றால், இரவு நேரத்தில் நியூயார்க்கில் இறங்கும் விமானத்தைத் தவிருங்கள். இருபது மணி நேரம் பறந்துவிட்டு, இரண்டு பெரிய பெட்டிகளோடு அடுத்த பஸ்ஸுக்காக ராத்திரி முழுக்கக் காத்திருப்பது யாருக்கும் வேண்டாம்.

அடுத்தது வீடு. பெரும்பாலான தொல்லைகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன. கைபேசி வரைபடத்தில் இத்தாகா தட்டையாகத் தெரியும். வகுப்பிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்தானே, நடந்துவிடலாம் என்று கீழே ஊருக்குள் வீடு எடுப்பார்கள். உண்மையில் கார்னெல் இருப்பது கிழக்குக் குன்றின் மேல், ஏரி மட்டத்தைவிட நூறு மீட்டருக்கும் அதிகமான உயரத்தில். பஃபலோ தெரு மாதிரியான சாலைகளில் ஏறிப் பார்த்தால்தான் அந்த ஒன்றரை கிலோமீட்டர் என்னவென்று புரியும். அதிலும் ஜனவரியில், பனி உறைந்த நடைபாதையில், முதுகில் மடிக்கணினிப் பையோடு! ஆகவே தூரத்தைப் பார்க்கும்போதே ஏற்றத்தையும் பாருங்கள். எந்த வீட்டுக்கும் பக்கத்தில் டிகேட் (உள்ளூர் பஸ் சேவை) நிறுத்தம் எது, ராத்திரி எத்தனை மணி வரை பஸ் வருகிறது, சனி ஞாயிறு எப்படி என்று கேளுங்கள். வளாகத்தை ஒட்டிய காலேஜ்டவுனில் வாடகை அதிகம். வடக்கே லான்சிங் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகள் உண்டு, ஆனால் அங்கே இருந்தால் முழுக்க முழுக்க பஸ்ஸை நம்பித்தான் வாழ வேண்டும். நான் புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்வது, முதல் வருடம் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது பஸ் அடிக்கடி வரும் தடத்தில் இருங்கள் என்பதுதான்.

இத்தாகாவில் வீட்டுச் சந்தை சீக்கிரமே சூடாகிவிடும். வரும் ஆகஸ்டுக்கான வீட்டை முந்தைய இலையுதிர் காலத்திலேயே பலர் பிடித்துவைத்துவிடுவார்கள். தாமதமாக வருகிறவர்களுக்கு அந்தப் பதற்றத்தில் ஏமாற வாய்ப்பு அதிகம். வீட்டைப் பார்க்காமல், உரிமையாளர் யாரென்று தெரியாமல், வெறும் படங்களை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். அங்கே ஏற்கெனவே படிக்கும் ஒருவரை அனுப்பி நேரில் பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நியூயார்க் மாநிலத்தில் 2019-இல் வந்த சட்டப்படி, அட்வான்ஸாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்தபின் 14 நாட்களுக்குள், எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்ற கணக்கோடு மீதியைத் திருப்பித் தர வேண்டும். உங்கள் பின்னணியைச் சரிபார்க்க என்று 20 டாலருக்கு மேல் கேட்கவும் கூடாது. நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் பழகிப்போன பெற்றோர், மூன்று மாதம் கேட்டாலும் பரவாயில்லையே என்று அனுப்பிவிடுகிறார்கள். கேட்பவர் நேர்மையானவரா என்ற சந்தேகம் அங்கேயே வர வேண்டும். இன்னொரு கேள்வி, வாடகையில் ஹீட்டிங் சேர்ந்ததா? பழைய மர வீடுகளில் குளிர்கால ஹீட்டிங் பில் தனியாக வந்தால், மலிவாகத் தெரிந்த வீடு மலிவாக இருக்காது.

மூன்றாவது தவறைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் கடுமையாகிவிடும், ஏனென்றால் இதில் உயிர் போகிறது. பனியுகத்தில் பனியாறுகள் கயூகா பள்ளத்தாக்கை ஆழமாகக் குடைந்துவிட்டன. பக்கத்திலிருந்து வரும் ஓடைகள் உயரத்திலேயே நின்றுபோய், ஏரியை நோக்கி அருவியாக விழுந்து, பாறையை அறுத்துக் கிடுகிடு பள்ளங்களை உண்டாக்கின. ஃபால் ஓடையும் கஸ்கடில்லா ஓடையும் கார்னெல் வளாகத்தை இரண்டு பக்கமும் அணைத்து ஓடுகின்றன. ஊருக்குச் சற்று வடமேற்கே இருக்கும் டாகானக் அருவி சுமார் 65 மீட்டர். நயாகராவைவிட ஏறக்குறைய 10 மீட்டர் உயரம் அதிகம். பார்க்கப் பார்க்கச் சலிக்காத இடங்கள்தான். ஆனால் வெயில் நாளில் அந்தத் தண்ணீர் அமைதியாகத் தெரியும்போது இறங்காதீர்கள். ஓடைப் பள்ளங்களில் குளிக்கத் தடை இருக்கிறது, பல மாணவர்கள் அங்கே இறந்திருக்கிறார்கள். அடியில் இழுக்கும் நீரோட்டம் மேலே தெரியாது. ஓரத்துப் பாறை அடுக்கடுக்காகப் பெயர்ந்து வரும். மேலே எங்கோ பெய்த மழைக்கு இங்கே நீர்மட்டம் திடீரென ஏறும். நீந்த ஆசையாக இருந்தால் ராபர்ட் ட்ரீமன், பட்டர்மில்க் அருவி ஆகிய மாநிலப் பூங்காக்களுக்குப் போங்கள். கோடையில் உயிர்காப்பாளர்கள் பணியில் இருக்கும் நேரத்தில் அங்கே நீந்தலாம். குளிர்காலத்தில் பள்ளத்தாக்குப் பாதைகளை மூடிவிடுவார்கள். அந்தத் தடுப்பைத் தாண்டிப் போய்ப் படம் எடுப்பவர்களோடு சேராதீர்கள்.

குளிர் விஷயத்தில் இரண்டே விஷயம். கனத்த கோட்டை ஊரிலிருந்து வாங்கிச் சுமக்காதீர்கள், அங்கே போய் வாங்குங்கள்; சரிவான ஊர் என்பதால் கோட்டைவிட வழுக்காத பூட்ஸ் முக்கியம். இன்னொன்று, டிசம்பரில் மாலை நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும், பகலிலும் வாரக்கணக்கில் மேகம் மூடியிருக்கும். அதில் மனம் சோர்ந்துபோவதைச் சோம்பல் என்று நினைத்து அறைக்குள் முடங்காமல், பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் போய்ப் பேசுங்கள்.

இனி நான் அதிகம் கவலைப்படும் ஒன்று. ஊரைப் பல்கலைக்கழகத்தின் விடுதியாக நினைப்பது. 2020 கணக்கெடுப்புப்படி இத்தாகா நகரத்தின் மக்கள்தொகை 32,108. கார்னெல் 1865-இல் தொடங்கியது. எதிரே தெற்குக் குன்றில் இத்தாகா கல்லூரி இருக்கிறது. 1892-இல் இசைப் பள்ளியாக ஆரம்பித்த அதைக் கார்னெலின் ஒரு பகுதி என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். மாணவர் கூட்டத்தால் வாடகை ஏறும்போது முதலில் அடிபடுவது சமையலறையிலும் கடையிலும் பஸ்ஸிலும் வேலை செய்யும் உள்ளூர்க் குடும்பங்கள். கார்னெலின் கல்வி நிலங்களுக்குச் சொத்து வரி இல்லை, அதனால் நகராட்சிக்கும் அதற்கும் நீண்ட காலமாக இழுபறி. 2023-இல்தான் நகரத்துக்கு ஆண்டுக்கு 40 லட்சம் டாலர் தருவதாகப் பல்கலைக்கழகம் ஒப்பந்தம் செய்தது.

இந்த மண்ணுக்கு அதற்கும் முந்தைய கதை உண்டு. இது கயூகா என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1779-இல் அமெரிக்கப் படை வந்து இங்கிருந்த அவர்களுடைய ஊர்களை எரித்தது. கார்னெலின் தொடக்க நிதியில் பெரும்பகுதியும், கல்லூரிகள் தொடங்க மாநிலங்களுக்கு நிலம் கொடுத்த 1862-ஆம் ஆண்டு மோரில் சட்டத்தின் மூலம் விஸ்கான்சின் போன்ற இடங்களில் பூர்வகுடிகளிடமிருந்து எடுக்கப்பட்ட நிலங்களை விற்றுக் கிடைத்ததுதான். அங்கே படிக்கும் நாம் இதைத் தெரிந்துகொள்வது குறைந்தபட்ச மரியாதை.

நமக்கும் இந்த ஊருக்கும் பழைய தொடர்பு ஒன்று இருக்கிறது. மடகாஸ்கரில் உருவான ஒற்றை நாற்று நடவு முறையை உலகெங்கும் எடுத்துச் சென்றவர்களில் முக்கியமானவர் கார்னெல் பேராசிரியர் நார்மன் அப்ஹாஃப். அந்த முறைதான் தமிழ்நாட்டு வயல்களில் திருந்திய நெல் சாகுபடி என்று பரவியது.

கடைசியாக, செமஸ்டர் முடிந்த மறுநாளே கிளம்பிவிடுவது. வேலைப் பயிற்சி கிடைத்தவர்கள் போகத்தான் வேண்டும். மற்றவர்கள் ஒரு கோடையாவது இருந்து பாருங்கள். வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 12 மாதம் என்பதால், ஊருக்குப் போகிறவர்கள் ஜூன், ஜூலையில் அறையைக் குறைந்த வாடகைக்குக் கைமாற்றிவிடுவார்கள். ஏரிக்கரையில் ஸ்டீம்போட் லேண்டிங் உழவர் சந்தையில் 30 மைல் சுற்றளவுக்குள் விளைந்ததும் செய்ததும் மட்டும்தான் விற்கும். கார்னெலில் பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்த வானியலாளர் கார்ல் சேகன் நினைவாக, ஊர் நடுவிலிருக்கும் காமன்ஸ் கடைத்தெருவில் சூரியன் தொடங்கி அறிவியல் மையத்தில் புளூட்டோ வரை கிரகங்களுக்குக் கல் நாட்டியிருக்கிறார்கள். மொத்தம் ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் குறைவு. சொல்லப்போனால், இத்தாகாவில் ஏற்றம் இல்லாமல் நடக்கக் கிடைக்கும் நல்ல பாதைகளில் அதுவும் ஒன்று.