ஒற்றைக் கண்ணாடி ஜன்னலை ஆறு கட்ட ஜன்னலாக்குவது எப்படி?

எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் ஒரு நகர்த்தும் ஜன்னல் இருக்கிறது. வெள்ளை யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) சட்டம், இரண்டு கதவுகள், ஒவ்வொன்றிலும் முழு உயரத்துக்கு ஒரே கண்ணாடி. குறை சொல்ல ஒன்றுமில்லை, பார்க்கவும் ஒன்றுமில்லை. பழைய பங்களாக்களில் மெல்லிய மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, கண்ணாடி சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்திருக்குமே, அதன் மேல் எனக்கு வெகுநாள் ஆசை. வீட்டுக்காரர் முகம் சுளிக்காதபடி, ஆணி அடிக்காமல், அந்தத் தோற்றத்தை ஒரு காலைப் பொழுதில் கொண்டுவந்துவிடலாம்.

அந்தக் காலத்தில் கட்டம் அழகுக்காக வந்ததல்ல. ஊதிச் செய்த கண்ணாடியில் பெரிய தகடு கிடைப்பது அரிது. கிடைத்த துண்டுகளைச் சட்டத்தில் கோத்தார்கள். உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. இன்று நம் ஜன்னல்களில் இருப்பது பெரும்பாலும் அப்படிச் செய்த கண்ணாடிதான். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அசல் சட்டம் கண்ணாடியை இரு புறமும் பிடித்திருக்கும். ஆகவே மரச்சட்டத்துக்குப் பதிலாக நாம் ஒட்டப்போகும் வினைல் ஸ்டிக்கர் பட்டையையும் இரு பக்கமும் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அது ஸ்டிக்கர் என்று தெருவில் போகிறவருக்கும் தெரிந்துவிடும்.

பட்டை வாங்குவது

முதலில் மின்வேலைக்குப் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப்பைத்தான் ஒட்டிப் பார்த்தேன். ஒட்டும்போது அது இழுபடும். வெயில் பட்டதும் பழைய நீளத்துக்குச் சுருங்கி, முனைகளில் பசையைக் காட்டும். வேண்டாம். வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடைக்குப் போய், வினைல் ஷீட்டை 18 மில்லிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டித் தரச் சொல்லுங்கள். "எந்த வண்டிக்கு சார்?" என்று கேட்டார் கடைக்காரர். ஜன்னலுக்கு என்றதும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெட்டித் தந்தார்.

நிறம் சட்டத்தின் நிறமாகவே இருக்கட்டும். வெள்ளை என்றால், வாங்கும் முன் ஒரு துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மெல்லிய வெள்ளை வினைல் ஒளியை ஊடுருவ விடும். பகலில் அறைக்குள்ளிருந்து பார்த்தால் சோகையாகத் தெரியும்.

மர பீடிங் (மெல்லிய மரச் சட்டம்) ஒட்டலாமே என்பீர்கள். நிலையான கண்ணாடிக்குச் சரி. நகர்த்தும் ஜன்னலில் ஒரு கதவு மற்றொன்றை உரசிக்கொண்டு போகும். பீடிங்கின் தடிமன் அந்த இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

கணக்கு

வேலையின் முக்கால் பங்கு இதுதான். எங்கள் கண்ணாடி 54 செ.மீ. அகலம், 110 செ.மீ. உயரம். நெட்டுக்கு ஒரு பட்டை, குறுக்குக்கு இரண்டு. ஆக ஆறு கட்டங்கள். கட்டம் அகலத்தைவிட உயரம் கூடியதாக இருந்தால்தான் பழைய ஜன்னலின் சாயல் வரும். எட்டாகப் பிரித்தால் எங்கள் அளவுக்கு ஏறக்குறைய சதுரமாகிவிடும்; எனக்குப் பிடிக்கவில்லை.

நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். 110ஐ மூன்றால் வகுத்து, 36.7இலும் 73.3இலும் கோடு போட்டு, கோட்டின் நடுவில் பட்டையை ஒட்டினேன். எதிரே உட்கார்ந்து பார்த்தால் நடுக்கட்டம் குட்டையாக இருந்தது. அளந்தேன், 9 மில்லிமீட்டர் குறைவு. மேல், கீழ்க் கட்டங்களிலிருந்து பட்டை பாதி அகலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நடுக்கட்டத்தில் இரு புறமும் எடுத்துவிடுகிறது. எனவே பட்டைகளின் அகலத்தை முதலில் கழிக்க வேண்டும். 110இலிருந்து 3.6 போனால் 106.4, மூன்றால் வகுத்தால் 35.5 செ.மீ. அகலத்துக்கு 54இலிருந்து 1.8 போக, பாதி 26.1 செ.மீ.

ஒட்டுவது

மாடி வீடு என்றால் வெளியே எட்டிச் சாய்ந்து ஒட்டும் வீரமெல்லாம் கூடாது. பெரும்பாலான நகர்த்தும் கதவுகளை மேலே தூக்கி, அடிப்பகுதியை உள்நோக்கி இழுத்தால் தண்டவாளத்திலிருந்து வந்துவிடும். இருவர் சேர்ந்து செய்யுங்கள். 5 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ, எங்கள் கதவில் கண்ணாடி மட்டுமே ஏழு கிலோவைத் தாண்டும். மேசையில் போர்வை விரித்துப் படுக்க வையுங்கள்.

சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் மருந்துக் கடை ஸ்பிரிட்டால் ஒருமுறை துடையுங்கள். போர்வெல் தண்ணீரின் உப்புக்கறை இருந்தால் முதலில் வினிகரால் போக்குங்கள். கறை மேல் பசை நிற்காது. கண்ணாடி ஓரங்களில் காகித டேப் துண்டுகளை ஒட்டி, அளவுகளை அதில் பென்சிலால் குறியுங்கள்.

நெட்டுப் பட்டைதான் முதலில், ஒரே துண்டாக. ஓரத்து ரப்பரைத் தொடாமல் இரு முனையிலும் 2 மி.மீ. விட்டுவிடுங்கள். பின்காகிதத்தை முழுதும் உரிக்காதீர்கள். மேல் முனையில் ஒரு விரற்கடை உரித்து, குறியில் பொருத்தி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே துணி சுற்றிய பழைய ஏடிஎம் அட்டையால் அழுத்திக்கொண்டு வாருங்கள். இழுக்காதீர்கள், பட்டை தானாகப் படியட்டும்.

குறுக்குப் பட்டையை நெட்டுப் பட்டையின் மேல் ஏற்றினால் அந்த இடம் புடைத்து நிற்கும். நான்கு துண்டுகளாக மேசையிலேயே வெட்டி, இரு பக்கமும் நெட்டுப் பட்டையோடு முட்ட வையுங்கள். கண்ணாடி மேல் பிளேடு வைக்க வேண்டாம்.

கதவைத் திருப்பிப் போட்டு, தெரியும் பட்டைக்கு நேர் மேலே மறுபக்கத்துப் பட்டையை ஒட்டுங்கள். தலையை நேராகக் குனிந்து பாருங்கள். சாய்ந்து பார்த்தால் கண்ணாடியின் தடிமன் கண்ணை ஏமாற்றும். இரண்டாவது கதவுக்கும் அதே அளவுகள்; மூடியபின் குறுக்குக் கோடுகள் ஒன்றாக ஓட வேண்டும். இரண்டு கதவுக்கும் சேர்த்து ஏறத்தாழ 8.6 மீட்டர் பட்டை போகும். 10 மீட்டராக வாங்குங்கள்.

ஒரு வாரம் ஈரத்துணி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகும் துடைக்கும்போது பட்டையின் நீளவாக்கிலேயே கை போகட்டும். வீடு மாற்றும்போது ஹேர் டிரையர் சூட்டில் மெதுவாக உரித்தால் வந்துவிடும். மிஞ்சும் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, சோப்புத் தண்ணீரால் கழுவினால் போதும்.