காபியை வெறுத்தால் காபி விட்டுப்போகாது

என் பெரியப்பா சபரிமலைக்கு மாலை போட்ட ஒரு வருடம் காபியை விட்டார். மாலையைக் கழற்றிய பிறகும் தொடவில்லை. ஆனால் அதற்கப்புறம் வீட்டில் யாராவது டிகாஷன் இறக்கினால், வாசனை கூடத்துக்கு வந்ததுமே அவர் முகம் சுருங்கிவிடும். "இந்தக் கருமத்தை எப்படித்தான் குடிக்கிறீங்களோ!" என்பார். பெரியம்மா பில்டரைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டார். விடுவது சுலபமில்லை, அந்த வகையில் பெரியப்பா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் காபி அவரை விட்டிருக்கவில்லை. ஆசை இருந்த இடத்தில் இப்போது கோபம் உட்கார்ந்திருந்தது.

பற்று விஷயத்தில் பெரிய தவறு இதுதான்: வெறுப்பு வந்துவிட்டால் பற்று போய்விட்டது என்று நம்புவது. பதஞ்சலி யோக சூத்திரம் மனதை வதைக்கும் கிலேசங்கள் என்று ஐந்தைச் சொல்கிறது. அதில் ராகமும் (விருப்பு) துவேஷமும் (வெறுப்பு) அடுத்தடுத்த சூத்திரங்கள். அனுபவித்த இன்பத்தைத் தொடர்ந்து வருவது ராகம், அனுபவித்த துன்பத்தைத் தொடர்ந்து வருவது துவேஷம். வாக்கியம் ஒரே அச்சு. இன்பம், துன்பம் என்ற சொல் மட்டும்தான் மாறுகிறது. "குடும்பமே வெறுத்துப்போச்சு, இனி சாமிதான்" என்று சொல்பவரைப் பார்த்தால் எனக்கு மனம் கனக்கிறது. பட்ட காயம் ஆறாமல் அவர் கூடவே கோயிலுக்கு வருகிறது. கீதையின் 12-ஆம் அத்தியாயம் பக்தனின் குணங்களை அடுக்கும்போது முதலில் வைப்பது, எந்த உயிரையும் வெறுக்காமை. நட்பும் கருணையும் அதை அடுத்துத்தான் வருகின்றன.

இன்னொரு தவறு, விருப்பு வெறுப்பு எழுவதையே பாவமாக நினைத்து மனதை நசுக்குவது. கீதை (3:34) அப்படிக் கேட்கவில்லை. ஒவ்வொரு புலனுக்கும் அதனதன் பொருளில் விருப்பும் வெறுப்பும் இருக்கத்தான் செய்யும், அவற்றின் வசப்படாதே என்கிறது. நாக்குக்கு இனிப்புப் பிடிக்கட்டும், அதனால் என்ன? அது கிடைக்காத அன்று வீட்டில் இருப்பவர் மேல் எரிந்து விழுகிறோமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

பக்திக்குள்ளேயே இந்த இரண்டும் நுழைவதைக் கண்டுபிடிப்பது கடினம். பல வருடமாகப் பிரதோஷத்தன்று நந்திக்கு வலப்பக்கம் ஒரு தூண் ஓரமாக நிற்பேன். ஒருநாள் வேறொருவர் அங்கே நின்றிருந்தார். பாலும் தயிரும் சந்தனமும் அபிஷேகமாகி முடிந்தது. தீபாராதனை காட்டும்போதுதான் உறைத்தது, அவ்வளவு நேரமும் நான் அவருடைய பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இடத்தின் மேல் வைத்த விருப்பம் அரை மணி நேரத்தில் ஒரு மனிதர் மேல் வெறுப்பாகிவிட்டது. என் தெய்வம், என் குரு, என் சம்பிரதாயம் என்பதெல்லாம் இப்படித்தான் புளிக்கிறது. எதிராளி கெட்டுப்போக அர்ச்சனை செய்கிறவர்களும் உண்டு. 'வேண்டுதல் வேண்டாமை இலான்' என்று வள்ளுவர் சொன்ன இறைவனிடம் போய் என்ன கேட்கிறோம்?

சரி, அப்படியானால் எதன் மேலும் அன்பு வைக்காமல் மரத்துப்போக வேண்டுமா? இதுவும் தவறான முடிவுதான். 'பற்றுக பற்றற்றான் பற்றினை' என்று அதே வள்ளுவர் பிடித்துக்கொள்ள ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதை விடச் சொல்கிறார். கொம்பு கிடைத்த கொடி தரையில் படராது. சேக்கிழார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஓட்டாஞ்சில்லையும் செம்பொன்னையும் ஒன்றாகவே பார்க்கும் அடியார்கள், அன்போடு கும்பிடுவதைத் தவிர முக்தியைக்கூட வேண்டாதவர்கள் என்று பாடுகிறார். எல்லாம் உதிர்ந்த பிறகும் அங்கே அன்பு மிச்சம் இருக்கிறது.

திருப்புகலூரில் அப்பர் கோயில் முற்றத்தில் புல் செதுக்கிக்கொண்டிருந்தபோது பொன்னும் மணியும் உழவாரத்தில் தட்டுப்பட்ட கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. அவர் எடுத்து வைத்துக்கொள்ளவும் இல்லை, பொன்னைத் திட்டவும் இல்லை. கல்லோடு கல்லாக அள்ளிக் குளத்தில் எறிந்துவிட்டுத் தன் பணியைத் தொடர்ந்தார்.