பூங்காவில் கற்சிலை நிறுவுதலும் பராமரித்தலும்

கொங்கு நாட்டில் பூங்காவுக்குக் கற்சிலை வேண்டுவோர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அவிநாசியை அடுத்த திருமுருகன்பூண்டியில் சிற்பக்கூடங்கள் பல உள்ளன; ஊத்துக்குளிக் கல்லில் வேலை செய்து தேர்ந்த கைகளும் அங்கே உண்டு. சிலையின் அழகு சிற்பியைச் சேர்ந்தது. அது சாயாமலும் விரிசல் விடாமலும் நிற்பது, நிறுவுகிறவர் அடித்தளத்திலும் தண்ணீரிலும் காட்டும் கவனத்தைப் பொறுத்தது.

காங்கேயம் காளைச் சிலை ஒன்றை நிறுவுவதாக வைத்துக்கொள்வோம். முதலில் எடையைக் கணக்கிட வேண்டும். கருங்கல் ஒரு கன அடி ஏறத்தாழ 75 கிலோ இருக்கும். ஆகவே 30 கன அடிச் சிலை இரண்டேகால் டன் வரும். கிரேன், சிலையைத் தூக்கும் பெல்ட், பீடம் மூன்றையும் இந்த எடைக்கு ஏற்பவே முடிவு செய்ய வேண்டும்.

அடித்தளத்தில்தான் பலரும் சிக்கனம் பார்க்கிறார்கள். கோவை, பல்லடம் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் வெடித்துச் சுருங்குவதால், அதன் மேல் நேரடியாக எழுப்பிய பீடம் நாளடைவில் ஒருபக்கம் இறங்கிவிடும். சுக்கான் பாறையோ கெட்டி மண்ணோ தட்டுப்படும் வரை தோண்டி, ஜல்லி பரப்பித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, அதன் மேல் கம்பி கட்டிய காங்கிரீட் இட வேண்டும். காங்கிரீட் முழு வலிமை பெற 28 நாட்கள் ஆகும் என்பதால், திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்பதற்காக அவசரப்பட்டுச் சிலையை ஏற்றக் கூடாது. பீடத்தின் மேற்பரப்பு, சிலை அமரும் இடத்தைத் தவிர மற்ற பகுதிகளில், தண்ணீர் வழிந்தோடும்படி வெளிப்புறம் சற்றே சரிந்திருக்க வேண்டும்.

சிலையையும் பீடத்தையும் இணைக்கும் கம்பி துருப்பிடிக்காத எஃகாக இருப்பது கட்டாயம். சாதாரண இரும்பு துருவேறும்போது பருத்து, கல்லை உள்ளிருந்தே பிளந்துவிடும். தூக்கும்போது பெல்ட் காளையின் வயிற்றுப் பகுதியில்தான் விழ வேண்டும். கொம்பிலோ திமிலிலோ சுமை ஏறக் கூடாது. கருங்கல் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் இழுவிசையையும் வளைவையும் அந்த அளவுக்குத் தாங்காது. மெல்லிய கொம்பு முதலில் ஒடிவதற்குக் காரணம் இதுவே. சிலையை இறக்கியபின் பெல்ட்டை உருவி எடுக்க, அடிப்பாகத்தில் இரண்டு பள்ளங்கள் விடும்படி சிற்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இறக்கியதும் சிலை செங்குத்தாகவும் மட்டமாகவும் நிற்கிறதா என்று தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்துச் சரிபார்க்கவும்.

பிள்ளைகள் ஏறி அமர்வார்கள். அதைத் தடுக்கக் கம்பி வேலி போடுவதைவிட, கூர்முனைகளை மழுக்கி, தாழ்வான பீடத்தில் வைப்பதே பூங்காவுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. தெய்வ உருவங்களைத் தவிர்ப்பது நல்லது. அன்போடு பூசப்படும் எண்ணெய் கல்லில் இறங்கித் தூசியைப் பிடித்துக்கொண்டால் எடுப்பது கடினம்.

பராமரிப்பில் பெரிய பகை ஆழ்துளைக் கிணற்று நீர். நம் பகுதியில் பல இடங்களில் அது உப்பு நீர். புல்லுக்குத் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் நாள்தோறும் சிலையை நனைத்தால், கல்லின் மேல் வெள்ளைப் படிவம் ஏறும். தெளிப்பானின் வாயைத் திருப்பிவையுங்கள். பீடத்தைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குக் கூழாங்கல் பரப்பினால், சேறும் தெறிக்காது, புல்வெட்டும் இயந்திரமும் கல்லில் உரசாது.

கழுவுவதற்கு உப்பில்லாத நீர், நைலான் தூரிகை, காரமில்லாத சோப்புக் கரைசல் போதும். ஆசிட், கம்பித் தூரிகை, மணல் வீச்சு ஆகியவை சிற்பியின் உளி வேலையையே தேய்த்துவிடும் என்பதால் எந்தக் கறைக்கும் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம். பறவை எச்சத்தைக் காயவிடாமல் ஊறவைத்துத் துடைக்கவும். இடுக்கில் முளைக்கும் அரசு, ஆல் செடிகளை இரண்டு இலை விடும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஆண்டுதோறும் ஒருமுறை, அளவுகோலை அருகில் வைத்து ஒரே கோணத்தில் படம் எடுத்துக் கோப்பில் சேருங்கள். விரிசல் சென்ற ஆண்டைவிட நீண்டிருந்தால் சிமென்ட் வைத்து அடைக்காமல், ஸ்தபதி ஒருவரை அழைத்துக் காட்டவும். அவர் வரும்வரை சுற்றிலும் கயிறு கட்டி, யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்ளவும்.