உயரமானவர்களுக்கு மவுண்டன் பைக்: சரியான சைஸ் பார்ப்பது எப்படி?

டெல்டாவில் மலை ஏது, மவுண்டன் பைக் எதற்கு என்று கேட்பவர்கள் ஆற்றங்கரைப் பாதையில் சைக்கிள் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். கல்லணையில் பிரிகிற காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவற்றின் கரைகளிலும், அவற்றிலிருந்து கிளைக்கிற வாய்க்கால் கரைகளிலும் செம்மண்ணும் கப்பியும் டிராக்டர் போட்ட பள்ளமும் நிறைய. அகல டயர் வண்டிக்கு இங்கே நல்ல வேலை இருக்கிறது. ஆனால் ஆறடிக்கு மேல் வளர்ந்தவர் கடைக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "சீட்டை ஏத்திக்கலாம் அண்ணே."

ஏற்றலாம்தான். பிரேமை முன்பக்கம் இழுத்து நீட்ட முடியாதே. அதனால் உயரமானவர் முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் நீளம்.

படி 1: வீட்டிலேயே அளவெடுங்கள்

செருப்பில்லாமல் சுவரோடு முதுகை ஒட்டி நில்லுங்கள். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்காரும்போது அழுந்துவதுபோல மேலே அழுத்திப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை எத்தனை சென்டிமீட்டர் என்று வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். இதுதான் உள்கால் அளவு. டெய்லர் பேன்ட்டுக்கு எடுக்கிற அளவு இதைவிடக் குறைவாக வரும், அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

கூடவே இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல்நுனிக்கு விரல்நுனி அளந்து வையுங்கள். அது உங்கள் உயரத்தைவிட அதிகம் என்றால், இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டும்போது பெரியதை எடுக்கலாம். கால் மட்டும் நீளம், உடம்பும் கையும் குட்டை என்றால் சின்னதே போதும்.

படி 2: இரண்டு கணக்கு

உள்கால் அளவை 0.226-ஆல் பெருக்கினால் மவுண்டன் பைக் பிரேம் அளவு, அதாவது சீட் கம்பி இறங்குகிற சீட் குழாயின் நீளம், இஞ்சில் கிடைக்கும். 90 செ.மீ. என்றால் சுமார் 20.3, அதாவது 20 அல்லது 21 இஞ்ச் பிரேம். கம்பெனிகள் எல், எக்ஸ்எல் என்று எழுத்தில் போட்டால் இது பெரும்பாலும் எக்ஸ்எல்லில் விழும். ஆனால் ஒரு கம்பெனியின் எல் இன்னொன்றின் எக்ஸ்எல் அளவுக்கு இருக்கும், எழுத்தை மட்டும் நம்பக் கூடாது.

அதே 90-ஐ 0.883-ஆல் பெருக்கினால் 79.5. இரண்டு பெடல்களின் கைகளும் சுற்றுகிற, பிரேமின் அடியில் உள்ள அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை இருக்க வேண்டிய உயரம் இது. இரண்டுமே தோராயம்தான், கடைக்குள் நுழைய இவ்வளவு போதும்.

தாத்தா ஓட்டிய கறுப்பு சைக்கிளில் 24 இஞ்ச் பிரேம் இருந்ததே, 20 எப்படிப் போதும் என்று தோன்றலாம். அந்த வண்டியில் மேல் பார் தரைக்கு இணையாகப் போகும். மவுண்டன் பைக்கில் பார் சீட்டை நோக்கிச் சரிந்து இறங்குவதால் சீட் குழாய் குட்டையாகிவிடும். இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பயனில்லை.

படி 3: 26, 27.5, 29 என்பது வேறு கணக்கு

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். "29 இஞ்ச் வண்டி" என்றால் சக்கரம்தான் 29, பிரேம் அல்ல. 29 இஞ்ச் சக்கரத்தோடு 17 இஞ்ச் பிரேமும் வரும். உயரமானவர்களுக்கு 29 நல்லது, சின்னப் பள்ளங்களைச் சிரமமில்லாமல் தாண்டும். ஆனால் "பிரேம் எத்தனை இஞ்ச்?" என்று தனியாகக் கேளுங்கள்.

17 இஞ்ச் பிரேமில் சீட்டை ஏற்றினால் என்ன ஆகும்? நம் 90 செ.மீ. காலுக்கே கணக்குப் போடலாம். 17 இஞ்ச் என்பது 43 செ.மீ. தேவை 79.5. மீதி 36, அதில் சீட்டின் கனம் ஒரு 5 போனால் சீட் கம்பி 31 செ.மீ. வெளியே நிற்க வேண்டும். கம்பியின் மொத்த நீளம் 35 செ.மீ. என்றால் குழாய்க்குள் 4 செ.மீ.தான் இருக்கும். இதற்குமேல் இழுக்கக் கூடாது என்று கம்பியிலேயே ஒரு கோடு போட்டிருப்பார்கள், அது எப்போதோ வெளியே வந்திருக்கும். வரப்பில் ஒரு குதி குதித்தால் கம்பி வளையும், இல்லாவிட்டால் பிரேம் விரியும். 20 இஞ்ச் பிரேமில் அதே கம்பி 24 செ.மீ.தான் வெளியே வரும், உள்ளே 11 இருக்கும். 40 செ.மீ. கம்பி போட்டுக்கொண்டால் இன்னும் நிம்மதி.

படி 4: நீளத்தைப் பாருங்கள்

கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு சைஸுக்கும் அளவு அட்டவணை இருக்கும். அதில் "ரீச்" என்பது அந்தப் பெடல் அச்சிலிருந்து ஹேண்டில் குழாயின் (ஹேண்டில் செருகி நிற்கிற, பிரேமின் முன்குழாய்) உச்சி வரை முன்னோக்கி உள்ள தூரம், "ஸ்டேக்" அதே இரண்டு இடங்களுக்கு இடையிலான உயரம். மலைப்பாதையில் எழுந்து நின்று இறங்குபவர்களுக்கு ரீச் முக்கியம். நாம் தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வரை போனாலும் உட்கார்ந்தேதான் போகப் போகிறோம். அதனால் சீட்டுக்கும் ஹேண்டில் குழாய்க்கும் இடையே கிடைமட்டமாக உள்ள தூரத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அட்டவணையில் அதற்கு "எஃபெக்டிவ் டாப் டியூப்" என்று பெயர். ஆறடி இரண்டு அங்குலம் இருப்பவர் 640 மி.மீ. பக்கம் தேடலாம்.

ஸ்டேக் குறைவாக இருந்தால் ஹேண்டில் சீட்டைவிட மிகவும் தாழ்ந்து, இடுப்பு வலிக்கும். ரொம்ப உயர்ந்தாலும் தொல்லைதான்: ஆடிக் காற்றில் திருச்சி பக்கம் பார்த்து மிதித்தால் நெஞ்சு பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். சீட் மட்டத்திலோ, அதைவிட இரண்டு மூன்று செ.மீ. கீழோ ஹேண்டில் இருப்பது எனக்குப் பிடித்தம்.

படி 5: கடையில்

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ 21 இஞ்ச் பிரேம் கையிருப்பில் இல்லையென்றால் சொல்லிவைத்து வரவழையுங்கள். இருப்பதைத் தலையில் கட்ட விடாதீர்கள்.

வண்டி வந்ததும் பாரின் மேல் இரண்டு பக்கமும் கால் ஊன்றி நில்லுங்கள், குறைந்தது இரண்டு இஞ்ச் இடைவெளி வேண்டும். பிறகு சீட்டை உங்கள் அளவுக்கு ஏற்றச் சொல்லி, குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பெடல் அடியில் போகும்போது முழங்கால் நேராக வேண்டும், இடுப்பு ஆடக் கூடாது. மிதிக்கும்போது முன்பாதத்தை வைத்தால் முழங்கால் தானாகக் கொஞ்சம் மடங்கும். சீட் தாழ்ந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், ரொம்ப ஏறினால் பின்பக்கம் இழுக்கும்.

தெருமுனை வரை போய்த் திரும்புவது போதாது, இருபது நிமிடமாவது ஓட்டக் கேளுங்கள். முழங்கால் ஹேண்டிலை நெருங்கினாலோ, முதுகு கூன் போட்டாலோ பிரேம் சின்னது. முழங்கை மடங்காமல் விறைத்து நின்றால் பெரியது. சின்ன வித்தியாசத்தை ஸ்டெம்மை (ஹேண்டிலைப் பிரேமோடு பிடித்து நிற்கிற கட்டை) மாற்றியோ சீட்டை முன்பின் நகர்த்தியோ சரி செய்யலாம், ஒரு முழு சைஸ் வித்தியாசத்தை முடியாது.

பின்பக்க சஸ்பென்ஷன் இருக்கிற வண்டியைக் காட்டி அதிகம் கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள். நம் ஊருக்கு அது வெறும் எடை.

பழைய வண்டி வாங்குகிறீர்களா? சரி, அப்போது ஒரு வேலை கூடுதல். சீட் கம்பியை முழுசாக உருவிப் பாருங்கள். உள்ளே எவ்வளவு இருந்தது என்பது கீறலிலும் துருவிலும் தெரியும். முன்னால் ஓட்டியவரும் நெட்டையாக இருந்து கோட்டைத் தாண்டி இழுத்திருந்தால், சீட் குழாயும் மேல் பாரும் சேருகிற இடத்தில் முடி மாதிரி விரிசல் ஓடியிருக்கலாம். பெயின்ட் அங்கே உதிர்ந்திருந்தால் விலை பேசாமலே கிளம்பிவிடலாம்.