நெரிசலான நகரில் வாடகை வீடு பிடிப்பது எப்படி: தேடத் தொடங்கும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

நானும் என் மனைவியும் 3 மாதங்களில் 41 வீடுகளைப் பார்த்தோம். அவற்றுள் 6 வீடுகள் எங்களுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தன. ஒவ்வொரு முறையும் உரிமையாளரிடம் “வீட்டில் கலந்து பேசிவிட்டு நாளை சொல்கிறோம்” என்று சொல்லிவிட்டு வந்தோம். மறுநாள் அழைத்தபோது அந்த வீடு வேறொருவருக்குப் பேசி முடிக்கப்பட்டிருந்தது. ஏழாவது வீட்டையாவது விட்டுவிடக் கூடாது என்ற பதற்றத்தில், எதையும் சரிபார்க்காமல் அன்றைக்கே டோக்கன் தொகையை, அதாவது வீட்டை நமக்காக ஒதுக்கிவைக்கக் கொடுக்கும் சிறு முன்பணத்தைக் கொடுத்தேன். அந்தப் பணம் திரும்பி வரவில்லை. தாமதத்தால் 6 வீடுகளையும் அவசரத்தால் ஒரு தொகையையும் இழந்த பிறகுதான், இரண்டு இழப்புகளுக்கும் காரணம் ஒன்றே என்பது புரிந்தது. வீட்டைப் பார்க்கும் முன்பே எடுத்திருக்க வேண்டிய முடிவுகளை நாங்கள் வாசலில் நின்றுகொண்டு எடுத்துக்கொண்டிருந்தோம். முதன்முறையாக வீடு தேடுபவர்கள் அதே வழியில் போய் அல்லல்பட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த அவசரம் ஏன் உண்டாகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. நியூயார்க் நகரில் காலியாக உள்ள வாடகை வீடுகளின் விகிதம் 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், அதை வீட்டு நெருக்கடியாகச் சட்டம் கருதுகிறது; 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த விகிதம் 1.41 விழுக்காடாக இருந்தது. அதாவது, 200 வாடகை வீடுகளுக்கு 3 வீடுகள்கூடக் காலியாக இல்லை. இத்தகைய நிலையில் உரிமையாளரால் காத்திருக்க முடியும், தேடுபவரால் முடியாது. வீடு, நல்ல வாடகைதாரருக்குப் போகிறது என்பதைவிட, முதலில் தெளிவாகச் “சரி” என்று சொன்னவருக்குப் போகிறது என்பதே நான் கண்ட உண்மை.

படி 1: வாடகையை அல்ல, முழுச் செலவைக் கணக்கிடுங்கள்

வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வாடகை கொடுக்கக் கூடாது என்ற விதியைப் பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் அரசு கட்டிய குடியிருப்புகளுக்காக, செனட்டர் எட்வர்டு புரூக் கொண்டுவந்த திருத்தத்தின்படி 1969இல் வகுக்கப்பட்ட வரம்பு 25 விழுக்காடு. 1981இல் அது 30 ஆக உயர்த்தப்பட்டது. அரசு தன் குடியிருப்பாளர்களிடம் எவ்வளவு வசூலிக்கலாம் என்பதற்காகப் பிறந்த எண் அது. உங்கள் குடும்பத்தின் பயணச் செலவோ கடன் தவணையோ அதற்குத் தெரியாது.

ஆகவே வேறு விதமாகக் கணக்கிடுங்கள். உங்கள் மாத வருமானத்தை 100 பங்குகளாக வைத்துக்கொள்வோம். நகரின் ஓரத்தில் ஒரு வீட்டுக்கு வாடகை 28 பங்கு, அங்கிருந்து வேலைக்குச் சென்றுவர 9 பங்கு. அலுவலகத்துக்கு அருகில் உள்ள வீட்டுக்கு வாடகை 33 பங்கு, பயணத்துக்கு 2 பங்கு. பார்வைக்கு மலிவாகத் தெரிந்த வீடு 37 பங்கும், விலை அதிகம் என்று ஒதுக்கிய வீடு 35 பங்கும் வாங்குகின்றன. நாள்தோறும் சாலையில் கழியும் நேரம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், மின்சாரம், வண்டி நிறுத்தும் கட்டணம் ஆகியவற்றையும் இப்படியே சேருங்கள். தரகருக்கு ஒரு மாத வாடகை கொடுக்கிறீர்கள் என்றால், எத்தனை மாதங்கள் அங்கே குடியிருப்பீர்கள் என்று எண்ணி, அத்தனை மாதங்களுக்கும் அதைப் பகிர்ந்து போடுங்கள். இப்படிச் சேர்த்த முழுச் செலவுக்கு எத்தனை பங்குவரை உங்களால் கொடுக்க முடியும் என்று முன்பே முடிவுசெய்யுங்கள். அந்த எண்தான் உங்கள் உச்சவரம்பு. வீட்டைப் பார்த்து மனம் இளகும் நேரத்தில் அந்த எண்ணை மாற்றக் கூடாது.

படி 2: வீட்டில் உள்ளவர்களின் முடிவை முன்கூட்டியே வாங்குங்கள்

எங்கள் தேடலைத் திருப்பிப் போட்டது இந்தப் படிதான். ஒரு மாலை, நானும் மனைவியும் தனித்தனித் தாள்களில், எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்க முடியாதவை என்று தலா 4 விஷயங்களை மட்டும் எழுதினோம். மாற்றிப் படித்தபோது வியப்பாக இருந்தது. 3 மாதங்களாகச் சேர்ந்தே தேடியிருந்தும், மாடி ஏற முடியாத என் அம்மாவுக்காக அவள் தரைத்தளத்தையோ மின்தூக்கியையோ முதலில் வைத்திருந்தாள். நான் அதை எழுதவே இல்லை. நான் வெளிச்சத்தை எழுதியிருந்தேன். அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. இரண்டு தாள்களையும் சேர்த்து 5 நிபந்தனைகள் கொண்ட ஒரே பட்டியலாக்கினோம்.

அதன்பின் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். இந்த 5 நிபந்தனைகளும் நிறைவேறி, செலவும் வரம்புக்குள் இருந்தால், வீட்டைப் பார்க்கச் சென்றவர் மற்றவரைக் கேட்காமலே சம்மதம் சொல்லலாம். பிறகு அதைப் பற்றி யாரும் குறை சொல்லக் கூடாது. “நாளை சொல்கிறோம்” என்ற சொல் அன்றோடு எங்கள் பேச்சிலிருந்து நீங்கியது.

பகுதிகளைத் தேர்ந்தெடுக்கும்போது கிலோமீட்டரை நம்பாதீர்கள். கூகுள் மேப்ஸில் வேலை நாளின் காலை நேரத்தை, சென்றுசேர வேண்டிய நேரமாகக் குறித்துப் பயண நேரத்தைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போனபோது 20 நிமிடங்களில் கடந்த சாலை, திங்கட்கிழமை காலையில் ஒரு மணி நேரம் பிடிக்கலாம்.

படி 3: ஆவணங்கள்

அடையாள அட்டை, வருமானச் சான்று, முந்தைய வீட்டு உரிமையாளரின் தொடர்பு எண் அல்லது பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றை ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி செல்பேசியில் வைத்திருங்கள். ஆனால், வீட்டை நேரில் பார்த்து உரிமையாளரை உறுதிசெய்யும் முன் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

படி 4: தேடுதல்

செயலிகள் பயனுள்ளவைதாம், ஆனால் நான் அவற்றை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். தேர்ந்தெடுத்த பகுதியில் மாலை வேளையில் தெருத் தெருவாக நடப்பதே என் முதல் விருப்பம். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் காவலாளிகளுக்கு, எந்த வீடு அடுத்த மாதம் காலியாகப் போகிறது என்பது விளம்பரம் வெளிவரும் முன்பே தெரிந்திருக்கும். எங்களுக்குக் கடைசியில் கிடைத்த வீடும் அப்படித் தெரிந்துகொண்டதுதான்.

செயலியில் ஒரு வீட்டைக் கண்டால், அதன் படங்களை கூகுள் லென்ஸில் இட்டுத் தேடிப் பாருங்கள். அதே படம் வேறொரு முகவரியிலோ வேறொரு நகரிலோ தென்பட்டால் அந்த விளம்பரத்தை அதோடு விட்டுவிடலாம். பார்த்த வீடுகளையெல்லாம் கூகுள் ஷீட்ஸில் பதிந்துவையுங்கள். பத்து வீடுகளுக்குப் பிறகு எந்தச் சமையலறை எந்த வீட்டில் இருந்தது என்பது நினைவில் நிற்காது.

முதல் தொலைபேசி அழைப்பிலேயே இரண்டு வகைச் செய்திகளைப் பேசி முடித்துவிடுங்கள். ஒன்று, அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை: வாடகை, பராமரிப்புக் கட்டணம், அட்வான்ஸ், எப்போது காலியாகும், பேசுபவர் உரிமையாளரா தரகரா. மற்றது, உங்களைப் பற்றி நீங்களே சொல்ல வேண்டியவை: எத்தனை பேர், குழந்தைகள் உண்டா, திருமணமானவரா, வளர்ப்புப் பிராணி உண்டா. தனியாக வாழ்பவர்களையும் குழந்தைகள் உள்ளவர்களையும் அதற்காகவே மறுக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அது நியாயமற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், அந்த மறுப்பைத் தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்வது, அரை நாள் பயணம் செய்து வாசலில் கேட்பதைவிட மனத்தைக் குறைவாகக் காயப்படுத்தும்.

படி 5: பார்வையிடும் 20 நிமிடங்கள்

சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் புதிதாக வண்ணம் பூசியிருந்தால், அதன் கீழே ஈரம் இருக்க வாய்ப்புண்டு. குளியலறைக் குழாயையும் சமையலறைக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து நீரின் வேகத்தைக் கவனியுங்கள். புகைபோக்கும் விசிறியை ஓடவிட்டு அதன் முன் மெல்லிய தாளைப் பிடித்தால், அது ஒட்டிக்கொள்ள வேண்டும். கீழே விழுந்தால் காற்று வெளியேறவில்லை என்று பொருள். எல்லா அறைகளிலும் செல்பேசி இணைப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள். அளவு நாடாவைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். கட்டிலையும் குளிர்பதனப் பெட்டியையும் வைக்க அறையில் இடம் இருந்தாலும், படிக்கட்டின் திருப்பத்தில் அவை நுழையாமல் போகலாம். பிடித்துப்போன வீடு என்றால், அதே நாள் இரவில் இன்னொரு முறை அந்தத் தெருவுக்குச் சென்றுவாருங்கள்.

படி 6: டோக்கன் தொகை

நான் இடறி விழுந்த இடம் இது. அந்த வீட்டைக் காட்டியவரிடம் சாவி இருந்தது. தன் அண்ணன் வெளிநாட்டில் இருப்பதாகவும், வீடு அவருடையது என்றும் சொன்னார்; தொலைபேசியில் ஒரு குரல் அதை உறுதியும் செய்தது. இன்னும் மூவர் காத்திருக்கிறார்கள் என்றார். அதற்கு முன் கைநழுவிய 6 வீடுகளும் என் கண்முன் வந்து நின்றன. அவருடைய சொந்தக் கணக்குக்கே பணத்தை அனுப்பினேன். பத்து நாள்கள் கழித்து ஒப்பந்தத்துக்காகச் சென்றபோது அங்கே வேறொரு குடும்பம் குடியேறியிருந்தது. எங்களுக்கு வீட்டைக் காட்டியவர் உரிமையாளரின் தம்பி அல்லர். வீட்டைக் காலி செய்யவிருந்த பழைய வாடகைதாரர். எங்களைப் போலவே வேறு சிலரிடமும் அவர் டோக்கன் வாங்கியிருந்தார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். ஆனால் எழுத்தில் எதுவுமே இல்லாததால், அந்தத் தொகை எதற்காக அனுப்பப்பட்டது என்பதை நிறுவுவதே பெரும்பாடாகிவிட்டது.

சாவி வைத்திருப்பவர் எல்லாரும் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். மூன்று இடங்களில் ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்: சொத்து வரி ரசீது அல்லது பத்திரம், உரிமையாளரின் அடையாள அட்டை, பணம் சேரும் வங்கிக் கணக்கு. உரிமையாளர் வெளியூரில் இருந்தால், காணொலி அழைப்பில் அடையாள அட்டையுடன் முகத்தைக் காட்டச் சொல்லுங்கள். இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நான் தயங்கினேன். அந்தத் தயக்கத்துக்கு இடமே இருந்திருக்கக் கூடாது. பார்வையிட நேரம் குறிக்கும்போதே, “வீடு பிடித்திருந்தால் அன்றைக்கே டோக்கன் தருகிறோம், வரி ரசீதை மட்டும் தயாராக வைத்திருங்கள்” என்று சொல்லிவிட்டால் உரிமையாளருக்கும் நம்பிக்கை பிறக்கிறது, சரிபார்ப்பும் 15 நிமிடங்களில் முடிகிறது.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். ஒரு மாத வாடகையில் கால் பங்குக்கு மேல் டோக்கனாகக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அனுப்பும் முன் இத்தகைய செய்தி ஒன்றை உரிமையாளருக்கு எழுதுங்கள்:

“இந்த முகவரியில் உள்ள உங்கள் வீட்டுக்கு டோக்கனாக இவ்வளவு தொகையை இன்று உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பவிருக்கிறேன். இத்தொகை அட்வான்ஸில் கழிக்கப்படும். இன்றிலிருந்து 7 நாள்களுக்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகும். அதுவரை வீட்டை வேறு எவருக்கும் பேச மாட்டீர்கள். உங்களால் வீட்டைத் தர இயலாமல் போனால் முழுத் தொகையையும் திருப்பித் தருவீர்கள். சம்மதம் எனில் பதில் அனுப்புங்கள். உடனே பணத்தை அனுப்புகிறேன்.”

பதில் வராவிட்டால் பணம் அனுப்பாதீர்கள். வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி.

படி 7: ஒப்பந்தமும் முதல் நாளும்

அட்வான்ஸுக்கு உங்கள் ஊரில் சட்ட வரம்பு உண்டா என்று விசாரியுங்கள். ஜெர்மனியில் 3 மாத அடிப்படை வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. இங்கிலாந்தில் 2019 முதல் பெரும்பாலான வீடுகளுக்கு 5 வார வாடகையே உச்சம். இந்தியாவின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு 2 மாதம் என்கிறது. ஆனால் மாநிலங்கள் தாமாக ஏற்றால்தான் அது செல்லும்.

ஒப்பந்தத்தில் வாடகை உயர்வு எப்போது, எவ்வளவு; காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு; பழுதுகளை யார் செலவில் சரிசெய்வது; அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் ஆகிய நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். சாவி வாங்கிய அன்று, பொருள்களை இறக்கும் முன்பே, எல்லா அறைகளையும் மின்மானியின் அளவையும் காணொலியாக எடுத்து உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். செல்பேசியில் மட்டும் வைத்திருந்தால், அது எந்த நாளின் நிலை என்று பின்னால் வாதிட நேரும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த இருவர் சுட்டிக்காட்டிய சிக்கல்களையும் சேர்க்கிறேன். முதலாமவரின் அனுபவத்தில், வரி ரசீது உரிமையாளரின் மறைந்த தந்தை பெயரில் இருந்தது. அப்படியானால் வாரிசுகள் எத்தனை பேர் என்று கேட்டு, எல்லாருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். ஒரு வாரிசு தந்த வீட்டை மற்றொருவர் காலி செய்யச் சொன்ன சம்பவம் அவருக்கு நேர்ந்திருக்கிறது.

இரண்டாமவர், காலி செய்யும்போது வண்ணம் பூசுவதற்கென்று அட்வான்ஸில் பெருந்தொகை பிடிக்கப்பட்டதாகக் கூறினார். அவருடைய ஒப்பந்தத்தில் “பழுதுகளுக்கான செலவு கழிக்கப்படும்” என்று மட்டுமே இருந்தது. எங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரியை, “இயல்பான புழக்கத்தால் மங்கிய வண்ணத்துக்குக் கழிவு இல்லை, பிற பழுதுகளுக்கு ரசீது காட்டிய செலவு மட்டும் கழிக்கப்படும்” என்று கையெழுத்திடும் முன் மாற்றச் சொன்னோம். உரிமையாளர் இரண்டு நிமிடங்கள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.